அப்புறம் என்ன ஆச்சு?

சினிமா விஷயத்தில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளியில் சொல்லிக் கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. காதல் படம், குடும்பப் படம் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். கப்பல் கவிழ வேண்டும். நூறு மாடிக் கட்டடம் தீப்பற்றி எரிய வேண்டும். பூமி பிளக்க வேண்டும். அந்த மாதிரிப் படம் என்றால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்!

1972-ல் வந்த 'போஸைடன் அட்வென்ச்சர்', 1974-ல் வந்த 'டவரிங் இன்ஃபெர்னோ', இந்தியில் 1980-ல் வந்த 'தி பர்னிங் டிரெயின்' எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவை. ஆனாலும் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் மேலே என் மனத்தில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பது ஒரே படம்தான். நீங்களே ஊகித்திருப்பீர்கள்: 'டைட்டானிக்'.

1997-ல் அமெரிக்காவில் வெளியாகிப் பதினொரு ஆஸ்கார் பரிசுகளை அள்ளிய அந்தப் படம் நம் ஊருக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தேன். அன்று தொடங்கி இன்று வரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. கப்பல் செங்குத்தாக நிற்கும் அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையைத் தேடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் மறுபடியும் அந்தப் படம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எங்களோடு இருக்கும் அத்தையும் வந்து உட்கார்ந்தாள். எழுபது தாண்டியவள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் கதாநாயகியின் தொப்பியையும் கவுனையும் பார்த்து ரசித்துக் கொண்டிருந்தாள். கப்பல் பனிப்பாறையில் இடித்ததோ இல்லையோ, சட்டென்று எழுந்து விட்டாள்.

"இனிமேல்தானே அத்தை படமே!" என்றேன்.

"நீ பாரு. எனக்கு மாவு அரைக்கணும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

படம் முடியும் சமயத்தில் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொண்டே வந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு பிழைச்சாளா?"

"பிழைச்சுட்டா, அத்தை."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் என்ன? வயசாகிக் கதை சொல்றா. படம் முடிஞ்சுது."

"அது சினிமாப் பொண்ணுடி. நிஜமாவே அந்தக் கப்பல்ல போனாங்களே, அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை தடவை பார்த்து, இத்தனை தடவை அழுது, பத்திரிகையில் வேறு வேலை பார்த்துக் கொண்டு, அந்த ஒரு கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை! மனத்தில் முள் தைத்த மாதிரி இருந்தது. இந்த வாரம் முழுக்க அதைத் தேடுவதே வேலையாகி விட்டது. கிடைத்ததை உங்களிடம் சொல்லுகிறேன்.

* * *

முதலில் நடந்தது என்ன என்று பார்த்து விடுவோம். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் உராய்ந்தது. 2.20 மணிக்கு மூழ்கியது. கப்பலில் சுமார் 2,200 பேர். பிழைத்தவர்கள் எழுநூறு பேருக்குச் சற்று அதிகம். மற்ற ஆயிரத்து ஐந்நூறு பேரும் போய்விட்டார்கள். பெரும்பாலோர் மூழ்கிச் சாகவில்லை. உறைநிலைக்கும் கீழே இருந்த தண்ணீரின் குளிரிலேயே உயிர் விட்டார்கள்.

சினிமாவில் ஆபத்து வந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். வாத்தியங்கள் அலறும். கூட்டம் ஓடும். நிஜத்தில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. முதல் ஒரு மணி நேரம் கப்பல் அமைதியாக இருந்தது. விளக்குகள் எரிந்து கொண்டிருந்தன. மேல்தளத்தில் குளிர்; உள்ளே கதகதப்பு. இவ்வளவு பெரிய கப்பலை விட்டு அந்தச் சின்னப் படகில் நடுச் சமுத்திரத்தில் இறங்குவதா என்று பலர் மறுத்துவிட்டார்கள். முதலில் இறக்கிய படகில் 65 பேர் உட்காரலாம். உட்கார்ந்தது 28 பேர்!

கப்பலில் இருந்த இருபது படகுகளிலும் சேர்த்து 1,178 பேருக்கு இடம் உண்டு. எல்லோருக்கும் போதாது என்பது உலகம் அறிந்த விஷயம். ஆனால் இருந்த இடத்திலும் நானூற்றைம்பதுக்கு மேல் காலியாகவே போயிற்று என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த இடங்களைக் காலியாக்கியது பயம் அல்ல, பயப்படாமல் இருந்ததுதான். ஆபத்து சங்கு ஊதிக் கொண்டு வரும் என்று நமக்குச் சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. நிஜத்தில் அது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வருகிறது.

இன்னொரு கணக்கு. பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின்படி முதல் வகுப்பில் பிரயாணம் செய்த பெண்கள் 144 பேர். அவர்களில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேர், பிழைத்தவர்கள் 76. 'பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம்' என்று அன்றைக்குச் சொன்னார்கள். எந்தப் பெண்கள் என்பதை டிக்கெட்டுத்தான் தீர்மானித்தது போலும்!

* * *

இனி அத்தையின் கேள்விக்கு வருகிறேன். அப்புறம் என்ன ஆச்சு?

முதல் படகில் ஏறிய 28 பேரில் டாரதி கிப்ஸன் என்று ஒரு பெண். வயது 22. அமெரிக்க ஊமைப் பட நடிகை. அம்மாவோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக் கொண்டிருந்தாள். இருவரும் தப்பினார்கள். அவள் நியூயார்க்கில் கால் வைத்ததும் பட முதலாளிகளுக்கு ஒரு யோசனை உதித்தது. டைட்டானிக்கைப் படமாக எடுத்தால் என்ன? அதிலேயே பிழைத்த நடிகை கையில் இருக்கும்போது வேறு யாரைத் தேட வேண்டும்?

எடுத்தார்கள். பத்து நிமிஷப் படம். பெயர் 'டைட்டானிக்கிலிருந்து தப்பியவள்'. கப்பல் மூழ்கி ஒரு மாதம் ஆவதற்குள் கொட்டகைகளுக்கு வந்துவிட்டது! அந்தப் படத்தில் டாரதி போட்டுக் கொண்டு நடித்தது என்ன உடை தெரியுமா? அன்றிரவு படகில் இறங்கியபோது போட்டிருந்த அதே உடை.

இதைப் படித்தபோது என் கையிலிருந்த காப்பி ஆறிப் போயிற்று. செத்தவர்களின் உடல்களைக் கடலில் இன்னும் தேடிக் கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தப் பெண் காமிராவுக்கு முன்னால் நின்று அந்த இரவை மறுபடியும் அனுபவிக்க வேண்டியிருந்தது. வெகு சீக்கிரத்தில் அவள் சினிமாவையே விட்டுவிட்டாள். படமும் பிழைக்கவில்லை. 1914-ல் ஸ்டூடியோவில் ஏற்பட்ட தீ விபத்தில் பிரதிகள் எரிந்து போயின. சில புகைப்படங்கள்தான் மிச்சம்.

* * *

இரண்டாவது, ஈவா ஹார்ட் என்ற ஏழு வயதுச் சிறுமி. அப்பா அம்மாவோடு கனடாவில் குடியேறப் புறப்பட்டவள். 'மூழ்கவே மூழ்காது' என்று ஒரு கப்பலைச் சொல்வதே தெய்வத்தைச் சீண்டுகிற பேச்சு என்று அவளுடைய அம்மாவுக்குப் பட்டிருக்கிறது. அதனால் அந்த அம்மாள் கப்பலில் பகலில் தூங்கி, இரவெல்லாம் உடுத்திய உடையோடு விழித்தே உட்கார்ந்திருந்தாள். நம் வீட்டில் யாராவது இப்படிச் செய்திருந்தால் எவ்வளவு கேலி செய்திருப்போம்! விழித்திருந்ததனால்தான் இடித்ததை அவள் உடனே உணர்ந்தாள். ஈவாவின் அப்பா இருவரையும் படகில் ஏற்றினார். அம்மாவின் கையை விடாதே என்று குழந்தையிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஈவா அவரைப் பார்க்கவில்லை.

கப்பல் இரண்டாக உடைந்து மூழ்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஈவா வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தாள். அவளைப் போல் வேறு சிலரும் சொன்னார்கள். ஆனால் விசாரணையில், கப்பல் முழுசாகத்தான் மூழ்கிற்று என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்?

1958-ல் இங்கிலாந்தில் 'எ நைட் டு ரிமெம்பர்' என்ற படம் வந்தது. நேயர்களே, டைட்டானிக்கைப் பற்றி வந்தவற்றில் மனசாட்சியோடு எடுத்த படம் அதுதான் என்பேன். அதன் தயாரிப்பாளர் வில்லியம் மக்விட்டி, 1911-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கப்பலைத் தண்ணீரில் இறக்கியபோது ஆறு வயதுப் பையனாக நின்று பார்த்தவர். படத்துக்கு ஆதாரமான புத்தகத்தை எழுதிய வால்ட்டர் லார்ட், பிழைத்தவர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டு எழுதினார். டைட்டானிக்கின் நாலாவது அதிகாரியாக இருந்து தப்பிய பாக்ஸ்ஹால் ஆலோசகராக இருந்தார். காதல் ஜோடி கிடையாது, வில்லன் கிடையாது. அவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்த படத்திலும் கப்பல் முழுசாகத்தான் மூழ்குகிறது. விசாரணை அப்படிச் சொல்லிவிட்டதே!

1985-ல் கடலின் அடியில், சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில், டைட்டானிக்கைக் கண்டுபிடித்தார்கள். முன்பகுதி ஓரிடத்தில், பின்பகுதி வேறிடத்தில். இரண்டு துண்டு! ஏழு வயதில் பார்த்ததை உலகம் ஒப்புக்கொண்டபோது ஈவாவுக்கு வயது எண்பது. 1997-ல் வந்த படத்தில் கப்பல் உடைகிறது. அதைப் பார்க்க அவள் இல்லை. முந்தின வருஷமே, தொண்ணூற்றொன்றாவது வயதில், காலமாகி விட்டாள்.

கப்பல் மூழ்கிய பின் இருட்டில் எழுந்த கூக்குரலை விட, அது அடங்கிய பிறகு வந்த மௌனம்தான் தனக்கு மறக்கவில்லை என்று ஈவா பல தடவை சொல்லியிருக்கிறாள். எந்த சினிமாவாலும் அந்த மௌனத்தைக் காட்ட முடியாது. பத்து விநாடி சத்தமில்லாவிட்டால் கொட்டகையில் விசில் அடிப்பார்கள்.

* * *

சினிமா காட்டாத இன்னொரு காட்சி. கப்பலில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சௌதாம்ப்டன் என்ற துறைமுக ஊர்க்காரர்கள். அந்த ஒரு ஊரில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி, கப்பல் மூழ்கியதோடு சிப்பந்திகளின் சம்பளமும் நின்றது. அடுப்பில் கரி அள்ளிப் போட்டவனின் மனைவி வாசலில் நின்றாள். சம்பளம் வரவில்லை, ஆளும் வரவில்லை.

ஜனங்கள் தாராளமாக நிதி கொடுத்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்த நிதியைப் பங்கிட்டபோது அதிகாரியின் விதவைக்கு ஒரு தொகை, கரி அள்ளியவனின் விதவைக்கு அதை விடக் குறைந்த தொகை என்று தரம் பிரித்தார்கள். அந்தப் பெண்கள் ஒழுங்காக நடந்து கொள்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஓர் அம்மாளையும் நியமித்தார்கள்!

கப்பல் மூழ்கும் வரை வாசித்துக் கொண்டிருந்த எட்டு வாத்தியக்காரர்களைச் சினிமாவில் பார்த்து அழுகிறோமே, எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் ஜாக் ஹ்யூம், வயது 21, பிடில் வாசித்தவர். மகன் இறந்து மாதம் முடிவதற்குள் தகப்பனாருக்கு ஒரு கடிதம் வந்தது. மகனை வேலைக்கு அமர்த்திய ஏஜெண்டுகளின் கடிதம். உடுப்புக்கான பாக்கி 14 ஷில்லிங் 7 பென்ஸ் செலுத்தவும் என்று கேட்டிருந்தார்கள். கதையில் இப்படி எழுதினால், 'இது கொஞ்சம் அதிகம்' என்று ஆசிரியர் அடித்துவிடுவார்.

என் அபிமானப் படமும் ஒரு குடும்பத்தைப் புண்படுத்தியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல. மர்டாக் என்ற முதல் அதிகாரி லஞ்சம் வாங்குவது போலவும், பிரயாணிகளைச் சுட்டுத் தானும் சுட்டுக் கொள்வது போலவும் 1997 படத்தில் காட்டுகிறார்கள். ஓர் அதிகாரி சுட்டுக் கொண்டதாக அப்போது சிலர் சொன்னது உண்மை. ஆனால் அது மர்டாக்தான் என்பதற்கு நிரூபணம் இல்லை. லஞ்சமோ வெறும் கற்பனை. ஸ்காட்லாந்தில் அவருடைய சொந்த ஊரில் அவர் பெயரால் பள்ளிக்கூடப் பரிசு வழங்குகிறார்கள். படக் கம்பெனியின் பெரிய அதிகாரி 1998-ல் அந்த ஊருக்கு நேரில் போய் வருத்தம் தெரிவித்து, பரிசு நிதிக்கு 5,000 பவுனும் கொடுத்தார். செத்தவன் வந்து வழக்குப் போட மாட்டான் என்ற தைரியம் கதை எழுதுகிற எங்கள் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது.

* * *

கடைசியாக ஒரு பெண். மில்வினா டீன். கப்பலில் இருந்தவர்களில் மிகச் சிறியவள். இரண்டு மாதக் கைக்குழந்தை. மூன்றாம் வகுப்பு. கப்பல் இடித்ததுமே அவளுடைய அப்பா மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் எழுப்பி மேல்தளத்துக்கு அனுப்பினார். அவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. தான் டைட்டானிக்கில் இருந்ததே மில்வினாவுக்கு எட்டாவது வயதில்தான் தெரியும்.

பெரியவளான பிறகு அந்த 1958 படத்தை அவள் ஒரு தடவை பார்த்தாள். அப்பா அந்த இரவில் என்ன பாடு பட்டிருப்பார் என்ற நினைப்பில் கெட்ட கனவுகள் வந்தன. அதோடு சரி. உலகமே க்யூவில் நின்று பார்த்த 1997 படத்தைப் பார்க்க அவள் மறுத்துவிட்டாள். நம் அத்தையைப் போலத்தான்!

முதுமையில் அவள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். கட்டணம் கட்டுப்படியாகவில்லை. 2008-ல் தன்னிடமிருந்த டைட்டானிக் ஞாபகப் பொருள்களை ஏலத்தில் விற்றாள். அவற்றில் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் இழந்து நின்ற அவள் குடும்பத்துக்கு 1912-ல் நியூயார்க் ஜனங்கள் துணிமணிகள் வைத்துக் கொடுத்த பெட்டி அது. மறு வருஷம் அவளுக்காக ஒரு நிதி திரட்டியபோது, படத்தின் டைரக்டர் ஜேம்ஸ் காமரூனும், கதாநாயகன் லியோனார்டோ டிகாப்ரியோவும், கதாநாயகி கேட் வின்ஸ்லெட்டும் பணம் கொடுத்தார்கள். தான் பார்க்காத படத்தின் ஜாக்கும் ரோஸும், நிஜக் கப்பலிலிருந்து பிழைத்த கடைசிப் பெண்ணின் இல்லக் கட்டணத்துக்கு உதவினார்கள். 2009 மே 31-ந் தேதி மில்வினா கண்ணை மூடினாள். 1911-ல் டைட்டானிக்கைத் தண்ணீரில் இறக்கியதும் ஒரு மே 31-தான்.

* * *

இவ்வளவையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்து கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அத்தை, அன்னிக்கு நீங்க ஏன் எழுந்து போனீங்க?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் கீரையையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"உங்க மாமா செத்தப்போ எனக்கு இருபத்தாறு வயசு. பஸ் விபத்து. பேப்பர்லகூட வந்தது. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு கொள்ளாத கூட்டம். எல்லாரும் வந்து, எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. பதினேழாம் நாள் காலையில பார்த்தா, நானும் என் புள்ளையும்தான். பால்காரனுக்குக் கொடுக்கக் கையில காசு இல்லை. அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து கேக்கலை."

எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நானும் கேட்டதில்லை!

துயரப் படங்களைப் பார்ப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரத்து ஐந்நூறு பேருக்காக ஒரே சமயத்தில் அழ மனிதர்களால் முடியாது. ஒரு ஜாக், ஒரு ரோஸ் என்று இரண்டு முகங்களைக் காட்டினால்தான் நம் மனசு இளகுகிறது. அது சினிமாவின் பலம். இளகிய மனசை என்ன செய்வது என்பதைத்தான் சினிமா சொல்லித் தருவதில்லை. விளக்குப் போட்டதும் கண்ணைத் துடைத்துக் கொண்டு எழுந்து வந்து விடுகிறோம்.

டைட்டானிக்குக்கு அப்புறம் நல்லதும் நடந்தது. பக்கத்தில் நின்ற 'கலிபோர்னியன்' கப்பலில் இருந்த ஒரே தந்திக்காரர் தூங்கப் போய்விட்டதால்தான் அபயக் குரல் அங்கே எட்டவில்லை. 1914-ல் பல நாடுகள் கூடி உடன்படிக்கை செய்து கொண்டன. கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் படகில் இடம் இருக்க வேண்டும், இரவு பகல் தந்திக் காவல் இருக்க வேண்டும், பனிப்பாறைகளைக் கண்காணிக்க ரோந்து வேண்டும் என்று விதிகள் வந்தன. இன்றைக்குக் கப்பலில் போகிற ஒவ்வொருவரும் அந்த விதிகளின் பாதுகாப்பில்தான் போகிறோம். 'அப்புறம் என்ன?' என்று யாரோ விடாமல் கேட்டதனால் வந்த விதிகள் அவை.

"பால்காரனுக்கு அப்புறம் என்னதான் செஞ்சீங்க, அத்தை?" என்றேன்.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கீரைத் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"அது பெரிய கதை. உனக்கு வேலை இருக்குமே?"

"இல்லை, சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சமையல் ஆக ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது.